ரிட்டன் மாஸ்டர்

ஜாஸ் எப்படிப் பிறந்தது என்று ஒரு அமெரிக்காக்காரனையே உட்கார வைத்துப் பாடம் நடத்தக்கூடிய மனிதர் எங்கள் மேனாம்பேட்டில் இருந்தார். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. பூந்தமல்லியைத் தாண்டி அவர் போனதே காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊதத்தான். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் எந்தத் தெரு எந்த இடுகாட்டில் போய் முட்டும் என்று கேட்டால், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்கிற மாதிரி சொல்வார். அமெரிக்கா அவரைக் கடைசிவரை கூப்பிடவில்லை. அது அமெரிக்காவின் தலையெழுத்து.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், ரேஷன் கார்டில் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அவர் ரிட்டன் மாஸ்டர். பேண்டு செட் நடத்துகிறவரை மாஸ்டர் என்பது வழக்கம். 'ரிட்டன்' எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் யார் என்று தெரிய வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மூணு சக்கரத்தில் ஒரு மீன்பாடி வண்டி, நாற்பது இரும்பு நாற்காலி, இவ்வளவுதான் நான் ஆரம்பித்தபோது இருந்தது. இன்று ஆவடியிலிருந்து நூம்பல் வரைக்கும் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் போன் டாக்டருக்கு, ரெண்டாவது போன் எனக்கு. சில வீடுகளில் டாக்டர்தான் ரெண்டாவது. சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, பூப்பல்லக்கு, பேண்டு செட், எல்லாம் ஒரே ஆள். எம்.பி.ஏ. படித்த பையன் ஒருத்தன் வந்து, "சார், உங்க பிசினஸ் மாடல் என்ன?" என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்டான். "ஜனங்க சாவறாங்க தம்பி, அதான் மாடல்" என்று சொல்லி அனுப்பினேன். அதையும் எழுதிக்கொண்டு போனான்.

மாஸ்டருடைய செட்டில் அவரோடு சேர்த்து அஞ்சு பேர். டிரம்பெட், கிளாரினெட், சின்ன டிரம், பெரிய டிரம், ஜால்ரா. எல்லோருக்கும் தோளில் ஜரிகை தொங்குகிற சிவப்புக் கோட்டு. கல்யாணத்துக்கும் அதே கோட்டுதான், சாவுக்கும் அதே கோட்டுதான். சாவு என்றால் கையில் கறுப்பு ரிப்பன் ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். மாஸ்டர் கையிலிருந்த டிரம்பெட், பெரம்பூரில் ரயில் இன்ஜின் ஓட்டி ரிடையரான ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்தது. டிரம்பெட்டோடு அந்த சங்கீதம் பிறந்த கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டிரம்பெட்டை மட்டும் கொடுத்திருந்தால் எனக்குப் பாதித் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

என் தொழிலில் காத்திருப்பதுதான் பெரிய வேலை. மூத்த பிள்ளை வெளிநாட்டில் விமானம் ஏறியிருப்பான், அவன் வந்து முகம் பார்க்காமல் எடுக்க முடியாது. பாடி ஐஸ் பெட்டிக்குள்ளே, சொந்தக்காரர்கள் என் நாற்காலிகளிலே, மாஸ்டர் நடுவிலே. யாராவது ஒருத்தர் வாயைக் கொடுத்தால் போதும்.

"பையன் எங்கேர்ந்து வரான் நைனா?"

"நியூ ஜெர்சிங்க."

"நல்ல ஊருதான். ஆனா அங்கேர்ந்து கீழ வரணும், ஆத்தோரமா. அங்கதான் ஸ்டார்ட்டு" என்று ஆரம்பிப்பார். "ஆப்பிரிக்காலேர்ந்து கப்பல்ல கட்டி இட்டாந்தான் நைனா. பருத்திக் காட்டுல உட்டான். ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்குப் புரியாது. மோளம் தட்டி சேதி சொல்லிக்கப் போறானுங்கோன்னு மோளத்தையும் புடுங்கிகினான். இன்னா பண்ணுவான்? கைய தட்னான், கால தட்னான். ஒருத்தன் ஒரு வரி கத்துவான், காட்டுல கீற அத்தினி பேரும் பதில் கத்துவான். நம்ம நூம்பல்ல நாத்து நட்டாங்களே, அதே கணக்கு. அதுலேர்ந்துதான் அல்லாமே மொளைச்சிச்சி."

இதற்குள் ஏழெட்டு நாற்காலி அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு தடவை வீட்டு மருமகன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், துக்கத்தை மறந்து கேட்டுவிட்டார். "ப்ளூஸ்னா என்னங்க மாஸ்டர்?"

"சிம்பிள். ஒரே விஷயத்த ரெண்டு தபா சொல்லணும், மூணாவது தபா பதில் சொல்லணும். எம் பொண்டாட்டி பூட்டா. எம் பொண்டாட்டி பூட்டா. போவசொல்ல மிக்ஸிய தூக்கிகினு பூட்டா. அது ப்ளூஸு."

"அப்ப ராக் அண்ட் ரோல்?"

"அதே பாட்டுதான். மிக்ஸிய ஓடவுட்டுட்டுப் பாடணும்."

"ஜாஸ்?"

"பொண்டாட்டி பூட்டான்றத அஞ்சு பேரு அஞ்சு விதமா சொல்லுவான், ஒரே நேரத்துல. ஒருத்தன் பாவம்ம்பான், ஒருத்தன் நல்லதாப் போச்சிம்பான். ஆனா அஞ்சு பேரும் ஒண்ணா முடிக்கணும். அங்கதான் கீது வேலை."

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்த அம்மாவே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மிக்ஸிய திருப்பிக் குடுத்தாளா இல்லியா?" என்று கேட்டார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்த நாள் அது.

கதை முடிகிற இடத்தில் மட்டும் அவர் குரல் இறங்கும். "அப்பால வெள்ளக்காரப் பசங்க அதே பாட்ட பாடனானுங்கோ. பேரு அவனுக்கு, காரு அவனுக்கு. மொதல்ல வாசிச்சவனுக்கு ஓட்டல்ல பின்னாடி வாசல்." இதைச் சொல்லும்போது அவர் கையில் பேப்பர் கப்பில் டீ இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். பேண்டு செட்டுக்கு மட்டும் எங்கே போனாலும் பேப்பர் கப். அவர் எதையும் சுட்டிக்காட்ட மாட்டார். நானும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ரிட்டனுக்கு வருகிறேன்.

நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் செத்தால் பேண்டு செட் முன்னால் நடக்குமாம். போகும்போது ஆமை மாதிரி, அழுகிற மாதிரி வாசிப்பார்களாம். புதைத்து முடித்ததும் அப்படியே ரோட்டில் திரும்பி, குடையைச் சுழற்றிக்கொண்டு, கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி ஆடிப்பாடி வீடு திரும்புவார்களாம். ஜாஸ் வளர்ந்ததே அந்தத் திரும்பி வருகிற பாட்டில்தான் என்பது மாஸ்டரின் தீர்ப்பு. "போவசொல்ல வாசிக்கிறது செத்தவனுக்கு. வரசொல்ல வாசிக்கிறது கீறவனுக்கு. நம்ம ஊர்ல கீறவன யாருமே கண்டுக்கறதில்ல அண்ணாத்தே."

நம் ஊரில் எல்லாம் தலைகீழ். போகும்போது பட்டாசு, விசில், குத்தாட்டம். வரும்போது ஒரு சத்தம் கிடையாது. சுடுகாட்டு வாசலைத் தாண்டினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, நேரே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். பேண்டு செட் அங்கேயே கோட்டைக் கழற்றி மடித்து ஷேர் ஆட்டோ ஏறிவிடும். மாஸ்டருக்கு இது சட்டையில் ஒரு கை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி. எந்த வீட்டுக்குப் போனாலும் பெரிய பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். "ரிட்டன் ஒண்ணு வாசிக்கட்டா?" அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஆசை வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் ஒரு நாள் வெடிக்கும். அம்பத்தூரில் ஒரு ரிடையர்டு போலீஸ்காரர் சாவு. காரியம் முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம், மாஸ்டர் சுடுகாட்டு வாசலில் நேர் எதிரே நின்றுகொண்டு, யாரையும் கேட்காமல் சந்தோஷமாக ஊத ஆரம்பித்துவிட்டார். ரெண்டே ரெண்டு சுரம்தான் வந்தது. செத்தவரின் மூன்று பிள்ளைகளும் அப்பா வேலையிலேயே இருப்பவர்கள். கோட்டு போட்ட அஞ்சு பேர் ஏரிக்கரையில் ஓடியதையும், பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டியவர் கடைசியாக ஓடியதையும் அந்த வட்டாரமே நின்று பார்த்தது. அன்றைக்குத்தான் 'ரிட்டன்' அவர் பெயரோடு ஒட்டியது.

"ஏன் மாஸ்டர் இப்படி மானத்த வாங்கறீங்க?" என்று திட்டினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "ரெண்டு சுரம் நல்லா வந்துச்சில்ல?"

நடுவில் அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. முகப்பேரில் ஒரு பிளாட், மதுரைப் பக்கத்துப் பையன், ஐ.டி. வேலை. பொண்டாட்டி பிறந்த நாளுக்கு ஜாஸ் வேண்டும் என்று விசாரித்திருக்கிறான். யாரோ மாஸ்டர் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஜாஸ் என்று கூப்பிட்டார்கள் என்றதும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன விசேஷம் என்று கேட்கவே தோன்றவில்லை. அஞ்சு பேரும் கறுப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு, லிஃப்டில் ரெண்டு நடையாக மேலே ஏறியிருக்கிறார்கள். கதவைத் திறந்த பையனின் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் மெதுவாகக் கேட்டாராம்.

"மனச தேத்திக்க நைனா. பாடி எந்த ரூம்ல கீது?"

கேக் வெட்டக் கத்தியோடு நின்ற பெண் அப்படியே நின்றுவிட்டாள். விஷயம் புரிந்த பிறகும் மாஸ்டர் முறையை விடவில்லை. முதலில் அழுகிற பாட்டு, ஒரு முழு பாட்டு. பெண்ணின் அம்மா தேம்ப ஆரம்பித்துவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போன வருஷத்தப் பொதைச்சாச்சி. இப்ப ரிட்டன்" என்று சொல்லிவிட்டு ஒரு பிடி பிடித்தாராம். வாட்ச்மேன் உட்பட அந்தத் தளமே ஆடியது என்று கேள்வி.

"அப்புறம் என்ன மாஸ்டர், ஆசை தீர்ந்துச்சா?" என்றேன்.

"பாடி இல்லாம ரிட்டனா?" என்று சலித்துக்கொண்டார். "அது டிக்கெட் வாங்காம ரயில்ல குந்தின மாதிரி அண்ணாத்தே. ஊரு வந்துடும். ஆனா பயமாவே இருக்கும்."

போன வருஷம் என் மாமியார் இறந்தார்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மீதி புரியும். நூம்பலில் பழைய விவசாயக் குடும்பம். நான் பெண் கேட்டுப் போன அன்று என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "நாற்காலி வாடகைக்கு உடுறவன் ஊட்ல, எம் பொண்ணு உக்கார சொந்தமா ஒரு நாற்காலி கீதா?" கேட்டது நானும் ரெண்டு மாடும்தான். அந்த வார்த்தையை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அதை ஜெயிக்கத்தான் இத்தனை நாற்காலி வாங்கினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் என் வீட்டுக்கு வந்தால் ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ரோஸ்வுட் நாற்காலியை எடுத்துப் போடுவேன். அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்காருவார். எங்களுக்குள் பேச்சே அவ்வளவுதான்.

மாமனார் சாவுக்கும் மாஸ்டர் செட்தான் வந்தது. அன்றைக்கு மாமியார் சுவரோரமாக உட்கார்ந்து, மாஸ்டர் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தம்மாவும் கழனியில் நாற்று நடும்போது முன்வரி எடுத்துக் கொடுத்துப் பாடினவர்தான். அந்தக் கழனியெல்லாம் இப்போது பிளாட் போட்டாகிவிட்டது.

மாமியார் போன அன்று காலையிலேயே மாஸ்டரைக் கூப்பிட்டு எச்சரித்தேன். "மாஸ்டர், இது என் மாமியாரு. நான் மருமகன். நீங்க வரும்போது ஒரு சுரம் ஊதினாலும், மாமியார் செத்த சந்தோஷத்துல நான் ஊதச் சொன்னேன்னுதான் ஊர் சொல்லும். என் மூணு மச்சானும் என்னை உயிரோட அனுப்ப மாட்டாங்க. ரிட்டன் பேச்சையே எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டிரம்பெட் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். பண்ணும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பூப்பல்லக்கில் சாமந்தி பத்தவில்லை என்ற கவலையில் இருந்தேன்.

போகும்போது அவர் வாசித்த மாதிரி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் மச்சான்கள் கல் நெஞ்சுக்காரர்கள், அவர்களே அழுதார்கள். குத்தாட்டம் போட வந்த பையன்கள்கூட, "இன்னா மாஸ்டர், குத்து போடு மாஸ்டர்" என்று ரெண்டு தடவை கத்திவிட்டு அடங்கிப்போனார்கள். காரியம் முடிந்தது. மச்சான்கள் மூன்று பேரும் முன்னால், பங்காளிகள் பின்னால், திரும்பிப் பார்க்காமல் வரிசையாக வாசலைத் தாண்டினார்கள். கடைசியாக நான். மாஸ்டர் வாசலோரம் கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, ஒரு வார்த்தை" என்றார். "உங்க மாமியாரு எங்கிட்ட ரிட்டன் கேட்டுகீறாங்க."

"யோவ், செத்தவங்கள சாட்சிக்குக் கூப்பிடறியா?"

"உங்க மாமனாரு சாவுல கேட்டாங்க. 'எனக்குப் போவசொல்லவும் ஊது, வரசொல்லவும் ஊது'ன்னாங்க. சரின்ட்டேன். காலைல நீ சத்தியம் கேட்டே. அதுக்கும் சரின்ட்டேன். ரெண்டையும் வச்சிகினு இன்னா பண்றதுன்னு தெரில. நீ வேணாம்னா ஊத மாட்டேன்."

"இத யாரு நம்புவா?"

"நீ நம்ப மாட்டேன்னு அவங்களே சொன்னாங்க. நம்பலன்னா இத்த சொல்லச் சொன்னாங்க." மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "'மாட்டுக் கொட்டாயில நாற்காலி பேச்சு பேசனது தப்புதான். ஆனா உசுரோட கீறப்ப சொன்னா அவன் தலைக்கு ஏறிடும்.'"

அந்த வார்த்தை சொல்லி முப்பத்தாறு வருஷம். ரெண்டு மாடும் செத்து எவ்வளவோ காலம் ஆகிறது.

முன்னால் மச்சான்கள் நூறு அடி போய்விட்டார்கள். மாஸ்டர் டிரம்பெட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷ ஆசை, செத்தவரே கொடுத்த அனுமதி, நடுவில் என் மானம் மட்டும் குறுக்கே நிற்கிறது.

"ஊதுங்க மாஸ்டர்" என்றேன். "முன்னால போகாதீங்க. பின்னாலயே வாங்க."

ஊதினார் பாருங்கள். டிரம் ரெண்டும் சேர்ந்துகொண்டது. வரிசை முழுக்கத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க முடியாது! சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற சாத்திரத்தைக் கண்டுபிடித்த மகானுக்கு நான் அன்றைக்குத்தான் கும்பிடு போட்டேன். பெரிய மச்சான் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினார்.

"எவன்டா அவன்? மாப்ளே! நிறுத்தச் சொல்லுங்க!"

"அத்தை கேட்டாங்க மச்சான்!"

"எந்த அத்தை?"

"உங்கம்மா!"

"ஊட்டுக்கு வா, பேசிக்கறேன்!"

கோபத்தில் வேகமாக நடந்தார். நடை தாளத்தில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொள்ள மெதுவாக நடந்தார். மாஸ்டரும் மெதுவாக்கினார். ரெண்டாவது மச்சான் தோள் குலுங்கியது. அழுகிறாரா ஆடுகிறாரா என்று பின்னாலிருந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

தெருமுனையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் ஒரு வரி ஊதி நிறுத்தினார். அப்போது மாமியாரோடு நாற்று நட்ட நாலு கிழவிகள், யாரும் சொல்லிக் கொடுக்காமல், அந்த வரிக்குப் பதில் வரி பாடினார்கள். தன்னானே தானே என்று ஏதோ. மாஸ்டர் இன்னொரு வரி ஊதினார். இன்னொரு பதில் வந்தது. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். கன்னமெல்லாம் ஈரம்.

"கேட்டியா அண்ணாத்தே? பதில் வந்துச்சி."

அன்றைக்கு முதல் தடவையாகப் பேண்டு செட்டுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. கொண்டுவந்து கொடுத்தவள் என் மனைவி. நான் நாற்காலி எதையும் துடைக்கவில்லை.

பெரிய மச்சான் ஒரு வருஷமாக என்னை 'ராக் அண்ட் ரோல் மாப்ளே' என்றுதான் கூப்பிடுகிறார். மாமியாரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு மேளதாளத்தோடு வந்தவன் என்று நூம்பலில் எனக்குப் பட்டம் உண்டு. ஆனால் அடுத்த மாசமே மூன்று வீடுகளில், "உங்ககிட்ட ரிட்டன் இருக்காமே?" என்று கேட்டார்கள். என் கடை போர்டிலேயே எழுதிவிட்டேன்: ரிட்டன் உண்டு. இந்த வட்டாரத்துக்கே அதைக் கொண்டுவந்தது நான்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்வேன். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். "வழக்கமா நடக்கறதுதான். வாசிச்சவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு" என்று சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் மாஸ்டரும் போய்விட்டார். தூக்கத்தில், சத்தமில்லாமல். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத சாவு. என்னிடமிருந்ததிலேயே நல்ல பல்லக்கு, நல்ல பூ. போகும்போது கிளாரினெட் மெதுவாக அழுதுகொண்டு போனது. திரும்பி வரும்போது டிரம் ரெண்டும் ஜோராக ஆரம்பித்தன, ஜால்ரா சேர்ந்தது, கிளாரினெட் சேர்ந்தது. டிரம்பெட் வர வேண்டிய இடம் வந்தது. நாலு பேரும் அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு சங்கீதம் தெரியாது. குரல் காக்காய்க் குரல். இருந்தாலும் அவர் சொல்லிக் கொடுத்தபடியே எடுத்தேன். எம் மாஸ்டர் பூட்டாரு. எம் மாஸ்டர் பூட்டாரு.

மூணாவது வரி எனக்கு இன்னும் வரவில்லை.